கம்பத்தில் அறுந்தால் வீட்டில் எரியும்

இயற்கை வழி வேளாண்மைக்கும் வீட்டு மின்சாரத்துக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கலாம். முன்பெல்லாம் உழவர் வீட்டில் நாலு விளக்கு, ஒரு மின்விசிறி, கிணற்றடியில் ஒரு மோட்டார், அவ்வளவுதான். இன்று நிலைமை வேறு. விளைந்ததை நாமே மதிப்புக்கூட்டி விற்கணும் என்று பேசிப் பேசி, பலரும் அதைச் செய்யத் தொடங்கிவிட்டோம். மரச்செக்கு வந்திருக்கிறது. சிறுதானியத்துக்குத் தோல் நீக்கும் இயந்திரம், நாட்டுக்கோழிக் குஞ்சு பொரிப்பான், பால் வைக்கக் குளிர்பெட்டி, பொட்டலம் ஒட்டும் கருவி, மின்தராசு என்று வீட்டுத் திண்ணை ஒரு சின்னத் தொழிற்கூடமாகவே மாறியிருக்கிறது. பாதிப் பேர் கடன் வாங்கித்தான் இதையெல்லாம் வாங்கியிருக்கிறார்கள். ஒரு நாள் சாயங்காலம் இரண்டு நிமிடத்தில் அத்தனையும் கருகிப்போனால், மூன்று போகத்து வருமானம் போன மாதிரிதான்.

நான் எண்ணூர்க்காரன். மின்கம்பியாள் வேலை எனக்குத் தொழில். முகத்துவாரக்குப்பம், தாழங்குப்பம், நெட்டுக்குப்பம் வீடுகளிலும், வடக்கே மீஞ்சூர், பொன்னேரிப் பக்கம் உழவர் வீடுகளிலும் மோட்டார் கொட்டகைகளிலும் என் வேலை நடக்கிறது. என் கண்ணில் பட்டதையும் தொழிலில் கற்றதையும் வைத்தே இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊரைப் பற்றி முதலில் கொஞ்சம் சொல்லணும். எண்ணூர் அனல்மின் நிலையம் 1970இல் ஓடத் தொடங்கியது. 450 மெகாவாட். அதை 2017 மார்ச்சில் நிறுத்திவிட்டார்கள். கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்தைச் சுற்றி வட சென்னை அனல்மின் நிலையமும் வல்லூர் அனல்மின் நிலையமும் இன்றும் ஓடுகின்றன. தமிழ்நாட்டுக்கே வெளிச்சம் கொடுக்கிற ஊர். ஆனால் எங்கள் குப்பத்தில் விளக்கு மினுக்கு மினுக்கு என்று அடிக்கும். விளக்கடியில் இருட்டு என்று சும்மாவா சொன்னார்கள்.

இதற்குக் காரணம் காற்றிலேயே இருக்கிறது. கடலிலிருந்து உப்புக் காற்று. கரி, சாம்பல் தூசு இன்னொரு பக்கம். இரண்டும் சேர்ந்து மின்கம்பத்துப் பீங்கான் மேல் படலமாகப் படியும். காய்ந்திருக்கிறவரைக்கும் தொந்தரவு இல்லை. மார்கழி, தைப் பனியில் அந்தப் படலம் நனைந்ததும் உப்புத் தண்ணீர் ஆகிவிடுகிறது. உப்புத் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும். விடிகாலையில் பீங்கான் மேல் நீலமாகப் பொறி ஓடும், 'சர்ர்' என்று சத்தம் வரும், பிறகு 'டப்' என்று கரண்ட் போய்விடும். நல்ல மழை பெய்து பீங்கானைக் கழுவிவிட்டால் சில நாளைக்கு நிம்மதி. கடற்கரையோர மின்பாதைகளில் பீங்கானைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவதும், சிலிக்கான் ரப்பர் வகைக்கு மாற்றுவதும் இதனால்தான்.

ஆனால் வீட்டுப் பொருளை எரிப்பது இந்தப் பொறி அல்ல. உப்பு இன்னொரு இடத்தில் சத்தமில்லாமல் வேலை பார்க்கிறது. அது கம்பி இணைப்பில்.

நியூட்ரல் அறுந்தால் என்ன நடக்கும்

கம்பத்திலிருந்து வீட்டுக்கு வருவது பெரும்பாலும் அலுமினியக் கம்பி. வீட்டுக்குள்ளே செம்புக் கம்பி. இரண்டும் வேறு வேறு உலோகம். இடையில் உப்பு ஈரம் புகுந்தால் அது ஒரு சின்ன பேட்டரி மாதிரி ஆகி, அலுமினியம் அரித்துக்கொண்டே போகும். வெள்ளைத் தூளாக உதிரும். வெறுமனே முறுக்கிவிட்ட இணைப்பு எங்கள் ஊரில் சில மழைக்காலம் கூடத் தாங்காது. இப்படி அரித்துப்போவது பேஸ் கம்பியாக இருந்தால் பெரிய கேடு இல்லை. விளக்கு அணையும், ஆள் வந்து சரி செய்வார். அரித்துப்போவது நியூட்ரலாக இருந்தால்தான் ஆபத்து.

டிரான்ஸ்பார்மரிலிருந்து தெருவுக்கு நாலு கம்பி வருகிறது. மூன்று பேஸ், ஒரு நியூட்ரல். எந்த பேசுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் 230 வோல்ட். இரண்டு பேசுக்கு நடுவில் 400 வோல்ட். ஊரில் 440 என்று சொல்வார்கள், அது பழைய கணக்கு. ஒரு வீட்டுக்கு ஒரு பேஸ், பக்கத்து வீட்டுக்கு இன்னொரு பேஸ் என்று பிரித்துக் கொடுத்திருப்பார்கள். நியூட்ரல் எல்லாருக்கும் பொது. அந்தப் பொதுக்கம்பி கம்பத்திலோ டிரான்ஸ்பார்மரிலோ அறுந்துவிட்டால், இரண்டு வீடும் ஒன்றன் பின் ஒன்றாகக் கோர்த்தது போல் ஆகி, 400 வோல்ட்டுக்கு நடுவில் மாட்டிக்கொள்ளும். யாருக்கு எவ்வளவு வோல்ட் என்பதை அப்போது மின்வாரியம் முடிவு செய்வதில்லை. அந்த நேரத்தில் யார் வீட்டில் என்ன ஓடுகிறது என்பதுதான் முடிவு செய்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். முதல் வீட்டில் 2000 வாட் தண்ணீர் சூடாக்கும் ஹீட்டர் ஓடுகிறது. அடுத்த வீட்டில் ஒரு 100 வாட் குண்டு பல்பு மட்டும் எரிகிறது. நியூட்ரல் அறுந்ததும் பல்பு எரிகிற வீட்டுக்கு ஏறக்குறைய 380 வோல்ட் போகும். ஹீட்டர் வீட்டுக்கு 20 வோல்ட் கூடக் கிடைக்காது. கவனியுங்கள்: அதிகம் மின்சாரம் எடுக்கிற வீடு தப்பிக்கிறது, சிக்கனமாக இருக்கிற வீடு எரிகிறது. நம் ஆட்களில் பலர் விளக்கைக் கூட அளந்து போடுகிறவர்கள். அவர்களுக்குத்தான் இதில் அடி அதிகம் விழுகிறது. எனக்கு இதில் ரொம்ப வருத்தம் உண்டு.

எங்கள் தெருவிலேயே ஒரு முறை இப்படி நடந்தது. சாயங்காலம் ஆறரை மணி இருக்கும். எதிர் வீட்டு அக்கா ஓடி வந்து, "அண்ணா, இன்னான்னே தெரியல, லைட்டு பகல் மாதிரி எரியுது, டிவி பின்னாடி புஸ்ஸுன்னு புகையுது" என்றார். நான் முதலில் சொன்னது, "மெயினை ஆஃப் பண்ணுங்க, அப்புறம் பேசலாம்." அவர் வீட்டில் விளக்கு பகலாக எரிந்த அதே நேரம் இரண்டு வீடு தள்ளி மின்விசிறி நகரவே இல்லை. ஒரு பக்கம் வெளிச்சம் ஏறி, இன்னொரு பக்கம் மங்கினால் அது நியூட்ரல்தான், சந்தேகமே வேண்டாம். அன்று தெருவில் ஐந்து தொலைக்காட்சி, மூன்று குளிர்பெட்டி போனது. மீன் விற்று வந்த காசில் தவணை கட்டிக்கொண்டிருந்த பெட்டிகள் அவை.

ஏன் இவ்வளவு எளிதாக எரிகிறது? இப்போது வருகிற தொலைக்காட்சி, எல்.ஈ.டி. விளக்கு, சார்ஜர், குஞ்சு பொரிப்பானின் வெப்பக் கட்டுப்பாட்டுப் பலகை எல்லாவற்றிலும் உள்ளே வருகிற மின்சாரத்தை முதலில் நேர்மின்சாரமாக்கி ஒரு கெப்பாசிட்டரில் தேக்குகிறார்கள். 230 வோல்ட் என்று நாம் சொல்வது சராசரிக் கணக்கு; அதன் உச்சம் 325 வோல்ட். கெப்பாசிட்டரின் மேல் பெரும்பாலும் 400 அல்லது 450 வோல்ட் என்று போட்டிருக்கும். வீட்டுக்கு 300 வோல்ட் வந்தாலே உச்சம் 424 ஆகிவிடும். 380 வந்தால் 537. வெடிக்காமல் என்ன செய்யும்? பழைய காலத்துக் குண்டு பல்பு 'பளிச்' என்று எரிந்து போய்விடும், ஒரு பல்போடு முடிந்தது. இப்போது பலகையே போகிறது.

கலிங்கும் மதகும்

"நான் ஸ்பைக் பஸ்டர் போட்டிருக்கேனே" என்பார்கள். பல சுவிட்சு வைத்த அந்த நீட்டுப் பலகை. அது எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பதை ஏரியை வைத்துச் சொன்னால் நமக்கு உடனே விளங்கும்.

மின்சாரம் ஏறுவது இரண்டு வகை. ஒன்று குத்து. பக்கத்தில் இடி விழுந்தாலோ, பெரிய மோட்டார் நின்றாலோ, மின்பாதையை நிறுத்தி மறுபடி கொடுத்தாலோ ஆயிரக்கணக்கான வோல்ட் ஒரு கணம் எகிறிவிட்டு இறங்கிவிடும். கணம் என்றால் நாம் கண் சிமிட்டுகிற நேரம் கூட அல்ல. நொடியின் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. இன்னொன்று ஏற்றம். நியூட்ரல் அறுந்து வருவது இது. 300, 380 என்று ஏறி, ஆள் வந்து நிறுத்துகிறவரை நிமிடக்கணக்கில், சில சமயம் மணிக்கணக்கில் அப்படியே நிற்கும்.

குத்துக்கு மருந்து கலிங்கு. ஏரியில் திடீர் வெள்ளம் வந்தால் கலிங்கு வழியாக உபரி தானாக வழிந்து போகிறது அல்லவா, அதே வேலையை எம்.ஓ.வி. என்கிற ஒரு வட்டச் சில்லு செய்கிறது. துத்தநாக ஆக்சைடால் ஆனது. சாதாரணமாகச் சும்மா இருக்கும். வோல்ட் எகிறினால் வழி திறந்து உபரியை நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் தள்ளிவிடும். ஸ்பைக் பஸ்டருக்குள்ளே இருப்பது இதுதான். மெயின் பலகையில் போடுகிற எஸ்.பி.டி.யும் இதே சில்லின் பெரிய அண்ணன்.

ஆனால் ஆறே திரும்பி ஏரிக்குள் பாய்ந்தால் கலிங்கு என்ன செய்யும்? அடித்துக்கொண்டு போகும். 380 வோல்ட் நின்று அடிக்கும்போது அந்தச் சில்லு சூடேறி, கருகி, சில நேரம் தீயே பிடித்துவிடும். அப்போது செய்ய வேண்டியது மதகை அடைப்பதுதான். அதாவது வோல்ட் எல்லை தாண்டியதும் வீட்டுக்குள் வருகிற மின்சாரத்தையே துண்டிக்கிற கருவி. கடையில் 'ஹை-லோ வோல்டேஜ் கட் ஆஃப்' என்று கேட்டால் கொடுப்பார்கள். மெயின் பலகையில் எம்.சி.பி. பக்கத்திலேயே உட்காரும். முகப்பில் வோல்ட் எண் ஓடும். 265, 270க்கு மேல் போனாலும் 180க்குக் கீழ் இறங்கினாலும் துண்டித்துவிடுகிற மாதிரி வைத்துக்கொள்ளலாம். சரியானதும் தானே கொடுக்கும்.

என்னைக் கேட்டால், கையில் காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் முதலில் இதை வாங்குங்கள். எஸ்.பி.டி. இரண்டாவது. எங்கள் பகுதியில் நான் பார்த்த எரிந்த பொருள்களில் பெரும்பாலானவை ஏற்றத்தில் போனவை. இடியில் போனவை குறைவு. ஆனால் தனித்த மோட்டார் கொட்டகை, பனைமரத்தடி வீடு, மேட்டுநிலத்துப் பண்ணை என்றால் கணக்கு மாறும். அங்கே இரண்டுமே வேணும்.

வாங்கும்போது ஆம்பியரைப் பாருங்கள். வீட்டு மெயினுக்கு 32 அல்லது 40 ஆம்பியர் தாங்குகிறதாக இருக்கணும். செக்கு, அரவை இயந்திரம் ஓடுகிற இடத்தில் கருவியை நேராகப் போடாமல், ஒரு காண்டாக்டரை வைத்து அதை இது நிறுத்துகிற மாதிரி கட்டுவது நல்லது. மறுபடி கொடுக்கிற நேரத்தை மூன்று நிமிடமாக வையுங்கள். காரணம் குளிர்பெட்டி. கரண்ட் போனதும் கம்ப்ரசருக்குள் ஒரு பக்கம் அழுத்தம் கூடி நிற்கும். அது சமனாகச் சில நிமிடம் ஆகும். அதற்குள் கரண்ட் வந்தால் கம்ப்ரசர் சுற்ற முடியாமல் முக்கும், 'ம்ம்ம்' என்று உறுமும், சுருள் சூடாகும். புயல் நேரத்தில் கரண்ட் வந்து வந்து போகிறதே, அப்போதுதான் குளிர்பெட்டிகள் சாகின்றன.

எம்.சி.பி. இருக்கே, அது போதாதா என்பது அடிக்கடி வருகிற கேள்வி. போதாது. எம்.சி.பி.யும் பழைய பீஸ் கட்டையும் ஆம்பியர் கூடினால்தான் விழும். வோல்ட் கூடுவது அவற்றுக்குத் தெரியாது. பொருள் எரிந்து ஷார்ட் ஆன பிறகு விழும், அதனால் வீடு தீப்பிடிக்காமல் தப்பலாம். பொருள் தப்பாது. ஸ்டெபிலைசரும் அப்படியே. அதன் மேல் எழுதியிருக்கிற எல்லையைப் படியுங்கள். 270 வரை சரிசெய்யும் என்றிருந்தால், அதற்கு மேல் அது துண்டிக்குமா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். துண்டிக்காத மலிவுப் பெட்டிகள் நிறைய இருக்கின்றன. இன்வெர்ட்டர் இருக்கிற வீட்டில் ஒரு வேடிக்கை பார்த்திருக்கிறேன். வோல்ட் ஏறியதும் இன்வெர்ட்டர் தானாக பேட்டரிக்கு மாறிவிட, அதில் கோர்த்த விளக்கும் தொலைக்காட்சியும் பிழைத்தன. நேர்க்கோட்டில் இருந்த குளிர்பெட்டியும் மிக்சியும் போயின.

மண்ணில் இறங்க வழி வேணும்

கலிங்கு கட்டிவிட்டு, அதிலிருந்து வழிகிற தண்ணீருக்கு ஓடை வெட்டாவிட்டால் என்ன பயன்? எர்த் சரியில்லாத வீட்டில் எஸ்.பி.டி. மாட்டுவது அப்படித்தான்.

பழைய முறை நமக்குத் தெரிந்ததே. ஆழமாகக் குழி எடுத்து, துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயை நட்டு, சுற்றிலும் அடுப்புக்கரி ஓர் அடுக்கு, உப்பு ஓர் அடுக்கு என்று போட்டு மூடி, அவ்வப்போது தண்ணீர் ஊற்றுவது. நல்ல முறைதான். செம்மண் மேட்டிலும் பாறை நிலத்திலும் உப்பும் ஈரமும் இல்லாவிட்டால் மின்சாரம் மண்ணில் இறங்காது. ஆனால் எண்ணூர், மீஞ்சூர் மண்ணில் உப்பு ஏற்கெனவே இருக்கிறது. மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடியில் கடல்நீர் புகுந்த கதையை உழவர்கள் எல்லாரும் அறிவோம். அங்கே போய் இன்னும் உப்பைக் கொட்டினால் குழாய் சீக்கிரமே பொத்துப்போகும். கடலோரத்தில் செம்பு பூசிய தண்டு நடுவது மேல். எங்கே இருந்தாலும், குழாயும் கம்பியும் சேருகிற கிளாம்பை வருடத்துக்கு ஒரு முறை, ஆடி மாசத்தில் என்று வைத்துக்கொள்ளுங்களேன், சுரண்டிப் பாருங்கள். மண்ணுக்குள் நன்றாக இருக்கும். மண்மட்டத்தில் துருப்பிடித்து விட்டுப்போயிருக்கும். எர்த் இருக்கிறது என்று வீட்டுக்காரர் நினைத்துக்கொண்டிருப்பார். குழாய்க்கும் வீட்டுக்கும் தொடர்பே இருக்காது.

எஸ்.பி.டி.யிலிருந்து எர்த்துக்குப் போகிற கம்பி நேராக, குட்டையாக இருக்கணும். பலகைக்குள் சுருட்டிச் சுருட்டி வைத்தால் குத்து வரும் நேரத்தில் அந்தச் சுருளே தடை ஆகிவிடும். எஸ்.பி.டி.யின் முகப்பில் ஒரு சின்ன ஜன்னல் உண்டு. பச்சையாக இருந்தால் உயிரோடு இருக்கிறது. சிவப்பாகிவிட்டால் அது உங்களுக்காக அடி வாங்கி முடிந்துவிட்டது, மாற்றணும். சூரிய மின்தகடு வைத்திருக்கிறவர்கள் மின்வாரியப் பக்கம் ஒன்று, தகட்டுப் பக்கம் நேர்மின்சாரத்துக்கென்று உள்ளது ஒன்று என இரண்டு போடணும். மொட்டை மாடியிலும் வயல் நடுவிலும் நிற்கிற தகடு, இடிக்குக் கை நீட்டி நிற்கிற மாதிரி.

இங்கே ஆர்.சி.சி.பி. பற்றியும் சொல்லாமல் விட முடியாது. அது பொருளைக் காக்கிற கருவி அல்ல, ஆளைக் காக்கிற கருவி. போன மின்சாரம் திரும்பி வராமல் வேறு வழியாக, உங்கள் உடம்பு வழியாக, மண்ணுக்கு ஒழுகினால் கண நேரத்தில் துண்டித்துவிடும். வீடுகளுக்கு 30 மில்லி ஆம்பியர் அளவு. ஈரக்கையோடு மாவாட்டுகிற, மாட்டுக்கொட்டகையில் தண்ணீருக்கு நடுவே மோட்டார் போடுகிற நமக்கு இது இல்லாமல் ஆகாது. மாதம் ஒரு முறை அதில் இருக்கிற சோதனைப் பொத்தானை அழுத்துங்கள், விழணும். சில வீட்டில் "அடிக்கடி விழுதுப்பா" என்று அதைத் தாண்டிக் கம்பி கொடுத்துவிடுகிறார்கள். அடிக்கடி விழுகிறது என்றால் எங்கோ ஒழுகுகிறது என்று பொருள். ஒழுகுகிற இடத்தைத்தான் தேடணும்.

மோட்டார் கொட்டகையில்

வயல் மோட்டாருக்கு ஏற்றத்தை விட இறக்கம்தான் பெரிய எதிரி. டிரான்ஸ்பார்மரிலிருந்து தூரமாக, கடைசிக் கம்பத்தில் இருக்கிற கிணறுகளில் மாலை நேரம் 170 வோல்ட் கூட வரும். மோட்டாரின் இழுவை வோல்ட்டின் இருமடிக் கணக்கில் குறையும். 230க்குப் பதில் 170 வந்தால் இழுவை ஏறக்குறைய பாதிதான். பாதி இழுவையில் கிளப்பப் பார்த்தால் மோட்டார் நிறைய ஆம்பியரை உறிஞ்சிச் சூடாகும். பிறகு சுருள் கட்டணும். மூன்று பேசில் ஒன்று போனாலும் அதே கதை. ஸ்டார்ட்டரில் ஓவர்லோடு ரிலேயும் ஒரு பேஸ் போனால் நிறுத்துகிற கருவியும் இருந்தால் இதைத் தடுக்கலாம். இருக்கிற ரிலேயைக் குச்சி வைத்து அழுத்தி ஓட்டுகிறவர்களும் நம் ஊரில் உண்டு. அந்தக் குச்சியின் விலை ஒரு மோட்டார்.

இரண்டு பேசில் கண்டென்சர் போட்டு மூன்று பேஸ் மோட்டாரை ஓட்டுவது பல ஊரில் வழக்கமாகிவிட்டது. பயிர் வாடுகிற அவசரம் புரிகிறது. ஆனால் அதில் ஒரு சுருளுக்கு எப்போதும் அளவுக்கு மீறிச் சுமை ஏறுகிறது. இதைவிடக் கொடியது, நியூட்ரல் வரவில்லை என்று ஒரு கடப்பாரையை மண்ணில் அடித்து அதையே நியூட்ரலாக எடுப்பது. அந்தக் கடப்பாரையைச் சுற்றியுள்ள ஈர மண்ணே மின்சாரம் ஆகிவிடும். மாடு முதலில் மாட்டும். அதற்கு நாலு காலும் அகல நிற்பதால் நம்மைவிடச் சீக்கிரம் அடி விழும்.

வேலிக்கு மெயினிலிருந்து நேராகக் கம்பி இழுப்பதையும் இதே கணக்கில்தான் சேர்க்கணும். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே அப்படி ஒரு வேலியில் மூன்று யானைகள் செத்ததை நாம் படித்தோம். மனிதர்கள் செத்ததும் நிறைய. உயிருக்கு நஞ்சு வைக்காத வேளாண்மை என்று பேசுகிற நம் ஆட்கள் இதைச் செய்யக் கூடாது. துடிப்பாக மின்சாரம் கொடுக்கிற, அனுமதி பெற்ற சூரிய வேலி வேறு; இது வேறு.

மூன்று பேஸ் இணைப்பு வாங்கிச் செக்கு, அரவை வைத்திருக்கிறவர்கள் ஒன்றை உடனே போய்ப் பாருங்கள். பழைய மெயின் சுவிட்சில் நியூட்ரலிலும் பீஸ் போட்டிருக்கிறார்களா? மூன்று பேஸ் மெயினில் நியூட்ரல் பீஸ் உருகினால், தெருவுக்கு நடக்கிற அதே கேடு உங்கள் வீட்டுக்குள்ளேயே நடக்கும். அங்கே பீஸ் கம்பி கூடாது, கெட்டியான செம்பு லிங்க்தான் இருக்கணும். ஜெனரேட்டர் இணைக்கிற இடத்திலும் நியூட்ரலையும் சேர்த்து மாற்றுகிற நாலு முனைச் சுவிட்சு வேணும். 2016 டிசம்பர் 12இல் வர்தா புயல் அடித்தபோது சென்னைச் சுற்றுவட்டாரத்தில் பல நாள் கரண்ட் இல்லை. தெருவுக்குத் தெரு ஜெனரேட்டர் ஓடியது. மெயினைத் துண்டிக்காமல் வீட்டுக்குள் ஜெனரேட்டர் கம்பியைச் சொருகினால் அந்த மின்சாரம் பின்வழியாகக் கம்பத்துக்கு ஏறும். அங்கே கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற லைன்மேன் நம்மைப் போல ஒரு குடும்பத்துக்காரர்.

எப்படி முன்கூட்டியே தெரிந்துகொள்வது

நியூட்ரல் பெரும்பாலும் திடீரென்று அறுவதில்லை. முன்னறிவிப்புக் கொடுக்கும். பக்கத்து வீட்டில் மோட்டார் போட்டதும் உங்கள் வீட்டு விளக்கு மங்கினால் அது சாதாரண இறக்கமாக இருக்கலாம். மங்குவதற்குப் பதில் வெளிச்சம் கூடினால், நியூட்ரல் இணைப்பு எங்கோ தளர்ந்திருக்கிறது. மின்விசிறி தானே வேகம் ஏறி இறங்குவது, காற்றடித்தால் விளக்கு துடிப்பது, கம்பத்தில் இரவில் பொறி தெரிவது, மீட்டர் பலகையில் கருகின வாடை, இதெல்லாம் கவனிக்க வேண்டியவை. மீட்டருக்கு அந்தப் பக்கம் இருப்பதில் நாம் கை வைக்கக் கூடாது. மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள், அல்லது மின்னகம் 94987 94987 எண்ணில் பதிவு செய்து புகார் எண்ணை வாங்கி வையுங்கள். "கரண்ட் சரியில்ல" என்று சொன்னால் ஒன்றும் நடக்காது. "நியூட்ரல் லூஸ், இந்தக் கம்பத்தில், இந்த எண்" என்று சொல்லுங்கள். நாலு வீட்டுக்காரர் சேர்ந்து சொன்னால் இன்னும் வேகம்.

மீட்டருக்கு இந்தப் பக்கம் நம் பொறுப்பு. அலுமினியமும் செம்பும் சேருகிற இடத்தில் இரண்டுக்கும் பொதுவான பைமெட்டல் லக் போட்டு, அழுத்தி, மேலே நீர் புகாமல் சுற்றச் சொல்லுங்கள். உரிமம் உள்ள மின்கம்பியாளை வைத்துச் செய்யுங்கள். அரை நாள் வேலை.

இடி இடிக்கும்போது எந்தக் கருவியையும் நம்பாமல் பிளக்கைப் பிடுங்கிவிடுவதுதான் மிகப் பழைய, மிக நல்ல வழி. சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. சுவிட்சுக்கு நடுவில் இருக்கிற இடைவெளியை இடி தாண்டும். தொலைக்காட்சியின் கேபிள் கம்பியையும் சேர்த்துக் கழற்றுங்கள். ஆனால் இடி தலைக்கு மேல் வந்த பிறகு போய்ப் பிடுங்காதீர்கள். மேற்கே கருக்கும்போதே செய்துவிடுங்கள்.

கரண்ட் போனால் குளிர்பெட்டி, செக்கு, பொரிப்பான் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒரு விளக்கை மட்டும் போட்டு வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். 2024 செப்டம்பர் 12 இரவு மணலித் துணைமின் நிலையத்தில் தீப்பிடித்து சென்னையில் பல பகுதிகள் இருண்டபோது கூட எங்கள் தெருவில் பெரும்பாலோர் அப்படித்தான் செய்தார்கள். கரண்ட் வந்ததும் அந்த ஒரு விளக்கு நிதானமாக எரிகிறதா என்று ஐந்து நிமிடம் பார்ப்பது. பிறகு ஒவ்வொன்றாகப் போடுவது. காசு செலவில்லாத காவல் இது.

வெள்ளம் புகுந்த வீட்டுக்கு வேறு விதி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது எங்கள் முகத்துவாரத்தில் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து வந்தது. தண்ணீர் வடிந்ததும் சுவிட்சைப் போட்டுப் பார்க்கிற ஆசை எல்லாருக்கும் வரும். போடக் கூடாது. தண்ணீர் ஏறின அளவுக்குக் கீழ் இருக்கிற பிளக், சுவிட்சு எல்லாவற்றையும் திறந்து, நல்ல தண்ணீரில் துடைத்து, நாள்கணக்கில் காயவிட்டு, மெக்கரில் சோதித்த பிறகுதான் மெயினைப் போடணும். உப்பும் எண்ணெயும் சேர்ந்த சேறு வெயிலில் காய்ந்தது போலத் தெரியும். உள்ளே ஈரத்தைப் பிடித்தே வைத்திருக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஏதாவது எரிந்துபோனால் உடனே பழைய சாமான்காரரிடம் போடாதீர்கள். எரிந்த பலகைகள் எங்கே போய்ச் சேர்கின்றன என்று கொடுங்கையூர்க் குப்பைமேட்டுப் பக்கம் குடியிருக்கிறவர்களைக் கேட்டால் தெரியும். கம்பியை எரித்துச் செம்பு எடுக்கிற புகை எப்படி இருக்கும் என்று சொல்வார்கள். ஏற்றத்தில் போன பலகைகளில் பலவற்றைச் சரி செய்ய முடியும். நுழைவிலேயே ஒரு பீசும் அதன் பக்கத்தில் நீலமாகவோ மஞ்சளாகவோ ஒரு வட்டச் சில்லும் இருக்கும். அதுதான் நாம் பார்த்த எம்.ஓ.வி. பல நேரம் அது வெடித்து, பீசை உருக்கி, மற்றதைக் காப்பாற்றியிருக்கும். இரண்டுமே சில ரூபாய்ப் பொருள்கள். ஆனால் அவசரக்கார மெக்கானிக்குகள் கருகின சில்லை வெட்டி எறிந்துவிட்டு பீசை மட்டும் மாற்றிக் கொடுத்துவிடுவார்கள். அதுவும் ஓடும், அடுத்த குத்து வருகிறவரைக்கும். ஆகவே பக்கத்தில் நின்று, "சில்லையும் மாத்திப் போடுங்க, தம்பி" என்று கேட்டு வாங்குங்கள். கழற்றின பழையதைக் கையில் கொடுக்கச் சொல்லிப் பாருங்கள்.